உயில் எழுதினால் சண்டை வருமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பட்டா மாற்றம் பற்றி இரண்டு பதில் எழுதினேன், அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் உயிலைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு எதிரே மேசை போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதினவன். இந்த மாவட்டம் வட ஆற்காடாக இருந்தபோது உட்கார்ந்து, அது வேலூராகி, 2019-ல் மூன்றாகப் பிரிந்த பிறகு எழுந்தவன். அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு, எழுதினவர்கள் வீட்டில் அப்புறம் என்ன நடந்தது என்பதும் பதிலில் கலந்துதான் வரும். பெயர் போட வேண்டாம் என்று நிறைய பேர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

எனக்கு 68 வயது. தறி போட்டுச் சம்பாதித்த வீடு ஒன்றும், ஊருக்கு வெளியே ஒரு மனையும் இருக்கிறது. இரண்டு மகன், ஒரு மகள். உயில் எழுதினால் சண்டை வரும் என்கிறாள் மனைவி. இப்போதே செட்டில்மென்ட் பண்ணிவிடுங்கள் என்கிறான் பெரியவன். எதைச் செய்வது? (குடியாத்தம்)

பெரியவன் அவசரப்படுகிறான். கெட்ட எண்ணத்தோடு சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவசரம் அவனுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

செட்டில்மென்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடுகிற பத்திரம், அது பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். உயில் அப்படியில்லை, நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அது வெறும் காகிதம். வீடு உங்கள் பெயரிலேயே இருக்கும், வாடகை உங்களுக்கு வரும், ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேண்டுமென்றால் அடமானம் வைக்கலாம், விற்கவும் செய்யலாம், மனசு மாறினால் பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். எத்தனை எழுதினாலும் கடைசியாக எழுதியதுதான் நிற்கும். முத்திரைத்தாள் தேவையில்லை, முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவும் கட்டாயமில்லை. செட்டில்மென்டுக்குச் செலவு உண்டு. குடும்பத்துக்குள் எழுதினால் மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம், 2023 ஜூலையில் உயர்த்திய கணக்குப்படி முதலாவது அதிகபட்சம் 40,000 ரூபாய், இரண்டாவது 10,000. உங்கள் வீட்டுக்கு 30 லட்சம் மதிப்பு வைத்தால் 30,000-மும் 10,000-மும் சேர்த்து 40,000 ஆகும்.

இவ்வளவு சௌகரியம் இருக்கிற உயிலில் கோளாறு எங்கே என்றால், அது வேலை செய்ய ஆரம்பிக்கும் நேரத்தில் எழுதினவர் இருக்க மாட்டார். செட்டில்மென்டில் ஏதாவது தகராறு வந்தால் நீங்களே போய், ஆமாம் நான்தான் எழுதினேன், இன்ன காரணத்துக்காக எழுதினேன் என்று சொல்லலாம். உயிலில் அதைச் சொல்ல ஆள் இல்லை, கையெழுத்து உங்களுடையதா, புத்தி தெளிவாக இருந்ததா, யாராவது கையைப் பிடித்து எழுத வைத்தார்களா என்று மூன்று பிள்ளைகளும் மூன்று வக்கீலை வைத்துக் கேட்பார்கள். நான் எழுதின செட்டில்மென்டுகளுக்காக கோர்ட்டு ஏறியது குறைவு. உயிலுக்காக சத்துவாச்சாரி கோர்ட்டுக்குப் போய் சாட்சி சொன்ன நாட்கள் அதிகம்.

சரி, அப்படியென்றால் செட்டில்மென்டே மேலா? அதிலும் ஒரு முள் இருக்கிறது. எழுதிக் கொடுத்ததை நீங்களாகப் போய் ரத்து செய்ய முடியாது. சோறு போடுவான் என்று நம்பி எழுதிக் கொடுத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து தட்டு வருமா என்று பார்த்துக்கொண்டிருந்த அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-வது பிரிவு என்று ஒன்று உண்டு. என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது நிரம்பியவர் எழுதிக் கொடுத்து, வாங்கினவர் பராமரிக்கவில்லை என்றால், ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து அதைச் செல்லாது என்று ஆக்கலாம். ஆகவே செட்டில்மென்ட் எழுதுகிறவர் இரண்டு வரியை விடவே கூடாது, ஒன்று பராமரிப்பு நிபந்தனை, இன்னொன்று ஆயுள்வரை நானும் என் மனைவியும் இதில் குடியிருப்போம் என்பது. அன்பின் பேரில் கொடுக்கிறேன் என்று மட்டும் எழுதி முடித்துவிடுகிற பத்திரங்கள்தான் பின்னால் அழ வைக்கின்றன.

உங்கள் விஷயத்தில் என் யோசனை, வீட்டை உயிலில் வையுங்கள். அது உங்கள் இருவருக்கும் கடைசிவரை கூரை. மனையில் யாருக்காவது இப்போதே தேவை இருந்தால், மகள் வீடு கட்டப் பார்க்கிறாள் என்ற மாதிரி, அதை மட்டும் செட்டில்மென்ட் செய்யுங்கள். அப்புறம் உங்கள் மனைவி பயப்படுகிற சண்டை, அது உயிலால் வருவதில்லை, ஒளித்து வைத்த உயிலால் வருவது. பொங்கலுக்குப் பிள்ளைகள் எல்லோரும் வந்திருக்கும்போது இன்னாருக்கு இன்னது என்று வாயால் சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்கிறவர்கள் உங்கள் எதிரிலேயே சுளிக்கட்டும், பதில் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள்.

நைனா இறந்து எட்டு மாதம் ஆகிறது. கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்து அண்ணன் ஒரு வெள்ளைத்தாள் உயிலைக் காட்டுகிறார். கழனி முழுக்க அவருக்கு என்று இருக்கிறது. பதிவு செய்யவில்லை. கையெழுத்து நைனாவுடையது மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. இது செல்லுமா? (காட்பாடி பக்கத்து கிராமம்)

அம்மா, வெள்ளைத்தாள் என்பதாலோ பதிவு இல்லை என்பதாலோ அது செல்லாமல் போகாது. முதலில் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் வக்கீல் சொல்லும்போது ஏமாற்றமாக இருக்கும். 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-வது பிரிவு கேட்பது இவ்வளவுதான்: எழுதினவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் அவர் போட்டதைப் பார்த்திருக்க வேண்டும் அல்லது இது என் கையெழுத்துதான் என்று அவரே சொல்லிக் கேட்டிருக்க வேண்டும், அந்தச் சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது தாளை இல்லை, கடைசிப் பக்கத்தில் இருக்கிற அந்த இரண்டு பேரை. யார் அவர்கள்? நைனாவுக்குப் பழக்கமான ஊர்க்காரர்களா, அல்லது அண்ணனோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களா? நைனாவே அவர்களைத் தேடிப் போயிருப்பாரா? கோர்ட்டில் உயிலை நிரூபிக்க, உயிரோடு இருக்கிற சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றியே ஆக வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அப்படித்தான். நிரூபிக்கிற பொறுப்பு உயிலைக் கொண்டுவருகிற உங்கள் அண்ணனுடையது. இது பொய் என்று நீங்கள் முதலில் நிரூபிக்கத் தேவையில்லை. உயிலைச் சுற்றிச் சந்தேகம் எழுப்புகிற சங்கதிகள் இருந்தால் அவற்றைக் கொண்டுவருகிறவர்தான் விலக்கிக் காட்ட வேண்டும் என்று 1950-களின் கடைசியிலேயே உச்ச நீதிமன்றம் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லியிருக்கிறது, இன்றைக்கும் உயில் வழக்கில் எல்லா வக்கீலும் அதைத்தான் எடுத்துப் போடுகிறார்கள்.

சந்தேகச் சங்கதி என்றால் என்ன? கையெழுத்து நடுங்குவது, சொத்து வாங்குகிறவரே முன்னின்று எழுத ஏற்பாடு செய்திருப்பது, எழுதின தேதியில் நைனா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது, மனைவிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் ஏன் ஒன்றும் இல்லை என்று ஒரு வார்த்தையும் இல்லாதது, எழுத்து ஒரு பேனாவிலும் கையெழுத்து வேறு பேனாவிலும் இருந்து அதற்குக் காரணம் சொல்ல ஆள் இல்லாதது, இந்த மாதிரி. அதே காலத்தில் நைனா போட்ட வேறு கையெழுத்துகளை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். பாங்க் படிவம், கூட்டுறவுச் சங்கக் கடன் பத்திரம், கேஸ் இணைப்புத் தாள், எதுவானாலும் சரி.

அண்ணன் இனிமேல் இரண்டு வேலை செய்யலாம். எழுதினவர் இறந்த பிறகும் உயிலைக் கொண்டுபோய்ப் பதிவுக்குக் கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, அப்போது சார்பதிவாளர் விசாரிப்பார். இன்னொன்று, தாலுக்கா ஆபீஸில் பட்டா மாற்ற மனு போடலாம். தாசில்தாருக்கு உங்கள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். தங்கச்சி, சும்மா ஒரு கையெழுத்துதான் என்று அண்ணன் எந்தத் தாளை நீட்டினாலும் போடாதீர்கள். உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரமாக இருக்கும், அல்லது ஆட்சேபணை இல்லை என்ற கடிதமாக இருக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நைனா நிஜமாகவே எழுதியிருக்கலாம். சுயமாகச் சம்பாதித்த சொத்தை ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுக்க அப்பாவுக்கு உரிமை உண்டு, அது நியாயமா என்று சட்டம் கேட்பதில்லை. அந்தக் கழனி நைனா வாங்கினதா, தாத்தா வழியில் வந்ததா என்று பாருங்கள். தாத்தா வழி என்றால் கதையே வேறு, அடுத்த பதிலைப் படியுங்கள்.

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பாட்டன் நிலம் அப்பாவுக்கு வந்து, 1994-ல் அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரித்ததில் என் பங்குக்கு மூன்று ஏக்கர். வீடு என் ஓய்வுக்காலப் பணத்தில் மனை வாங்கிக் கட்டியது. ஒரு மகன், ஒரு மகள். மகளுக்கு நகை போட்டுக் கல்யாணம் செய்துவிட்டதால் எல்லாவற்றையும் மகனுக்கே எழுத நினைக்கிறேன். (கம்மவான்பேட்டை)

வீடு உங்களுடையது, யாருக்கு வேண்டுமானாலும் எழுதுங்கள். நிலத்தை அப்படி எழுத முடியாது.

பாட்டன் 1956-க்கு முன்னால் இறந்து, நிலம் உங்கள் அப்பாவுக்கு வந்திருந்தால் அது பூர்வீகம். பாகப்பிரிவினையில் உங்களுக்கு வந்த மூன்று ஏக்கரும் உங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை பூர்வீகமாகவே தொடரும். அதில் உங்களுக்கு, மகனுக்கு, மகளுக்கு என்று மூன்று பங்கு. உங்கள் பங்கான ஒரு ஏக்கரை உயிலில் எழுத 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் 30-வது பிரிவில் அனுமதி இருக்கிறது, மற்ற இரண்டு ஏக்கர் உங்களுடையதே இல்லை, இல்லாததை உயிலில் எழுதி என்ன பயன். மாறாக, பாட்டனே 1956-க்குப் பிறகு காலமாகி, அது அவர் சுயமாகச் சம்பாதித்ததாக இருந்து, அப்பாவுக்கு வாரிசு முறையில் வந்திருந்தால், அப்பா கையில் அது தனிச் சொத்து என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. எனவே முதல் வேலை, பாட்டனின் இறப்புத் தேதியையும், நிலம் முதலில் வந்த வழியைக் காட்டுகிற தாய்ப் பத்திரத்தையும் கையில் வைத்துக்கொண்டு வக்கீலைப் பார்ப்பது.

நகை போட்டுவிட்டேன், சீர் செய்துவிட்டேன், அதனால் பங்கு கிடையாது என்பதெல்லாம் நம் வீட்டுப் பேச்சு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாமல் இருந்த பெண்களுக்கே பூர்வீகத்தில் பங்கு வந்துவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டம் வந்து, கல்யாணம் ஆனவள் ஆகாதவள் என்ற வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. 2005 சட்டம் அமலுக்கு வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று இருந்த குழப்பத்தை 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்து, பிறப்பாலேயே பங்கு என்று சொல்லிவிட்டது. மகள் மனதார விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கலாம். ஆனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

என் மூத்த மகன் நாலு வருஷத்துக்கு முன் மவுத்தாகிவிட்டான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். இளைய மகன் இருப்பதால் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு வராது என்கிறார்கள். நான் உயில் எழுதலாமா? (மேல்விஷாரம்)

எழுதுங்கள் ஐயா, உயிலால் நிஜமான நன்மை வருகிற இடம் இதுதான். மேலே நான் சொன்ன 1925 சட்டத்தின் உயில் பகுதி உங்களுக்குப் பொருந்தாது, உங்களுக்கு ஷரீஅத் சட்டம். அதன்படி இன்னொரு மகன் இருக்கும்போது, முன்பே இறந்த மகனின் பிள்ளைகள் வாரிசாக மாட்டார்கள் என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் வாரிசாக இல்லாதவருக்கு, அடக்கச் செலவும் கடனும் போக மிச்சமிருப்பதில் மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத், அதாவது உயில், செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதற்கு யார் சம்மதமும் வேண்டாம். 60 லட்சம் மிச்சம் என்றால் 20 லட்சம்வரை அந்தப் பிள்ளைகளுக்குப் போகும். அதைத் தாண்டி எழுதினால் மற்ற வாரிசுகள் உங்களுக்குப் பிறகு சம்மதித்தால்தான் நிற்கும்.

இதே உயிலை வைத்து உங்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு மகளுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்க முடியுமா என்றால் முடியாது, அவள் ஏற்கெனவே வாரிசு, வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அதற்கு வழி ஹிபா, அதாவது உயிரோடு இருக்கும்போதே கொடுக்கிற தானம். நான் கொடுத்தேன் என்று சொல்லி, அவள் ஏற்றுக்கொண்டு, சொத்தை அனுபவத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காமல் காகிதத்தில் மட்டும் எழுதின ஹிபா பின்னால் நிற்பது கஷ்டம்.

வஸிய்யத்தை வாயால் சொன்னாலே செல்லும் என்பது உண்மைதான், இருந்தாலும் எழுதி இரண்டு சாட்சி வாங்கி, முடிந்தால் பதிவும் செய்துவிடுங்கள். நாளைக்கு அந்தச் சின்னப் பிள்ளைகள் யாரைக் கூட்டிக்கொண்டு வந்து தாத்தா சொன்னார் என்று சொல்வார்கள்?

பாங்க் கணக்குக்கு மனைவியை நாமினி போட்டிருக்கிறேன். அப்புறம் உயில் எதற்கு? (அரக்கோணம்)

நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கிற ஆள், சொந்தக்காரர் இல்லை. பாங்க் உங்கள் மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தன் தலையை விடுவித்துக்கொள்ளும், அந்தப் பணத்தில் பிள்ளைகளும் உங்கள் அம்மா இருந்தால் அவரும் பங்கு கேட்கலாம். ஆமாம், இந்துக்களுக்கு அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மனைவி பிள்ளைகளோடு சேர்ந்தே பங்கு வருகிறவர், பலருக்கு இது தெரிவதில்லை. கம்பெனிப் பங்குகளுக்கும் நாமினி விஷயம் இப்படித்தான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நாலு பேர்வரை நாமினி போடலாம் என்று வந்திருக்கிறது, அதைச் செய்துகொள்ளுங்கள், ஆனால் முழுவதும் மனைவிக்கே போக வேண்டும் என்றால் உயிலிலும் ஒரு வரி எழுதுங்கள். குடும்ப ஓய்வூதியத்தை உயிலில் எழுத முடியாது, அது விதிப்படி யாருக்கோ அவருக்குத்தான்.

உயிலைக் கையால் எழுதலாமா, டைப் அடிக்க வேண்டுமா? நோட்டரி, டாக்டர் சர்டிபிகேட், வீடியோ எல்லாம் வேண்டுமா? (ஒடுகத்தூர்)

கையால் எழுதலாம், தமிழில் எழுதலாம், உங்களுக்குத் தெரிந்த பாஷையில் எழுதுவதுதான் நல்லதும்கூட. நோட்டரி தேவையே இல்லை. டாக்டர் சர்டிபிகேட் கட்டாயம் இல்லை, ஆனால் எழுபது தாண்டினவர் எழுதும்போது, வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் ஒருவரே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால் புத்தித் தெளிவு பற்றிய பேச்சு பாதி அடங்கிவிடும். வீடியோ எடுத்தால் எடுங்கள், அது சாட்சிக் கையெழுத்துக்கு மாற்று இல்லை.

நான் கவலைப்படுவது வேறு இரண்டு விஷயத்துக்கு. முதலாவது சாட்சியின் வயது. அறுபத்தைந்து வயதுக்காரர் தன் சேக்காளிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார், அவர்களுக்கும் அறுபத்தைந்து. இவர் எண்பத்தைந்தில் போனால் அவர்கள் முன்பே போயிருப்பார்கள். உங்களைவிட இருபது வயதாவது சின்னவராக, ஊரைவிட்டு ஓடாதவராக, உயிலில் ஒரு பைசா வாங்காதவராகப் பாருங்கள்.

இரண்டாவது சொத்து விவரம், இதில் நானே குற்றவாளி. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் உயிலில் சர்வே எண் 141 என்று இருக்க வேண்டியதை 114 என்று எழுதிவிட்டேன். அவசரம், வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள், அவரும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகு 114 யாரோ ஒரு பங்காளியுடைய கொல்லை என்று தெரிந்து, அந்த ஒரு தப்பை நேராக்க அவர் மகன் கோர்ட்டுக்கு அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும், நானும் போய்த் தலை குனிந்து சாட்சி சொன்னேன். செட்டில்மென்டாக இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்று போட்டு ஒரே நாளில் முடித்திருப்பேன், எழுதிக் கொடுத்தவர் இருந்தார் என்றால். அதனால் சர்வே எண், உட்பிரிவு, நாலு எல்லை, கதவு எண் எல்லாவற்றையும் பட்டாவோடு ஒட்டிப் பாருங்கள். நம்மூரில் பழைய பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும், நிலம் இப்போது ராணிப்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ இருக்கும், தாலுக்காவும் மாறியிருக்கும், பழைய பெயர் புதுப் பெயர் இரண்டையும் எழுதுங்கள். இதில் சொல்லாமல் விட்ட சொத்து இருந்தால் யாருக்கு, எழுதியிருக்கிற ஆள் எனக்கு முன்னால் போய்விட்டால் யாருக்கு, இந்த இரண்டு வரியையும் சேருங்கள்.

பதிவு செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவது ஒரே காரணத்துக்காக, அசல் தொலைந்தாலும் ஆபீஸில் நகல் இருக்கும். படுத்த படுக்கையாக இருந்தால் சார்பதிவாளரை வீட்டுக்கே வரச் சொல்லி மனு கொடுக்கலாம். உயில் தனிப் புத்தகத்தில் பதிவாவதால் வில்லங்கச் சான்றில் வராது, நீங்கள் இருக்கும்வரை உங்களைத் தவிர யாரும் நகல் கேட்டு வாங்க முடியாது, ஆகவே ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். இங்கே இருக்கிற சொத்துக்கு இங்கேயே எழுதின உயிலுக்கு கோர்ட்டில் புரொபேட், அதாவது இது உண்மையான உயில்தான் என்ற சான்று, வாங்குவதும் கட்டாயம் இல்லை.

நாங்கள் கிறிஸ்தவர்கள். மனைவி இறந்தபின் மறுமணம் செய்துகொண்டேன். அதற்கு முன் எழுதின உயில் இருக்கிறது. அது செல்லுமா? (தோட்டப்பாளையம்)

இல்லை, அது போய்விட்டது. உங்களுக்குப் பொருந்துகிற சட்டப்படி கல்யாணம் ஆன உடனே பழைய உயில் ரத்து. புதிதாக எழுதுங்கள், இந்த வாரமே. சாட்சியாகக் கையெழுத்துப் போடுகிறவருக்கோ அவர் மனைவிக்கோ கணவருக்கோ உயிலில் எதுவும் எழுதாதீர்கள், எழுதினால் அந்தப் பகுதி செல்லாது. இந்துக்களுக்கு இந்த இரண்டு விதியும் இல்லை, இருந்தாலும் வாங்குகிறவரையே சாட்சி போட வைக்கிற அசட்டுத்தனத்தை யாரும் செய்யாதீர்கள்.

மனைவி ஆயுள்வரை வீட்டை அனுபவிக்கலாம், விற்கக் கூடாது, அவளுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுதலாமா? (சத்துவாச்சாரி)

எல்லோரும் விரும்பி எழுதச் சொல்கிற வாசகம் இது, வழக்கு வருவதும் இதில்தான். இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-வது பிரிவில் இரண்டு உட்பிரிவு இருக்கிறது. ஜீவனாம்ச உரிமைக்காக மனைவிக்குக் கொடுத்தது என்று ஆகிவிட்டால், நீங்கள் விற்கக் கூடாது என்று எழுதியிருந்தாலும் அது அவளுக்கு முழு உரிமையாக மாறலாம், 1977-ல் துளசம்மா வழக்கிலிருந்து இது ஓடிக்கொண்டிருக்கிறது. இல்லை, உயிலில் போட்ட கட்டுப்பாடு நிற்கும் என்று இன்னொரு உட்பிரிவைக் காட்டி வாதாடுவார்கள். ஆகவே இதை மட்டும் என்னைப் போன்றவனிடம் எழுதிக்கொள்ளாதீர்கள், சிவில் வக்கீலிடம் போங்கள். என் சொந்தக் கருத்து கேட்டால், முப்பது நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு முழு உரிமையாகவே எழுதிவிட்டுப் போங்களேன். அவள் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா?

ஓய்வு பெற்ற ஆசிரியை. பிள்ளைகள் இல்லை. வீடு என் சம்பளத்தில் வாங்கி என் பெயரில் இருக்கிறது. என் தங்கை மகள்தான் எங்களைப் பார்த்துக்கொள்கிறாள். உயில் பேச்சை எடுத்தாலே, நான் சாகணும்னு பார்க்கறியா என்று கணவர் எரிந்து விழுகிறார். (ஆற்காடு)

டீச்சர், அவரை விட்டுவிடுங்கள், முதலில் நீங்கள் எழுதுங்கள். உயில் இல்லாமல் நீங்கள் போனால் வீடு கணவருக்கு. அவர் முன்னால் போய், பிறகு நீங்கள் போனால், உங்கள் சம்பளத்தில் வாங்கின வீடு அவருடைய அண்ணன் தம்பி வகையறாவுக்குப் போகும், உங்கள் தங்கையோ அவள் மகளோ வாசலில்கூட நிற்க முடியாது. பிள்ளை இல்லாத இந்துப் பெண்ணின் சொத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-வது பிரிவு வைத்திருக்கிற வரிசை இது, கணவரின் வாரிசுகளுக்குப் பிறகுதான் பெற்ற அப்பா அம்மாவே வருவார்கள். அப்பா அம்மா வழியில் உங்களுக்கு வந்த சொத்து ஏதாவது இருந்தால் அது மட்டும் உங்கள் அப்பா வீட்டு வாரிசுகளுக்குத் திரும்பும். நகையும் உங்களுடையதுதான், அதையும் உயிலில் எண்ணி எழுதுங்கள்.

வீடு முதலில் கணவருக்கு, எனக்கு முன்னால் அவர் போய்விட்டால் தங்கை மகளுக்கு என்று எழுதலாம். ஆனால் அவருக்குப் போன பிறகு அது அவர் சொத்து, அவரும் உயில் எழுதவில்லை என்றால் மறுபடியும் அந்த வகையறாதான். அதனால்தான் அவரும் எழுத வேண்டும் என்கிறேன், அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு வழி உண்டு. உங்கள் உயிலை மேசைமேல் வைத்து எழுதுங்கள், எழுத்துப் பிழை பார்த்துத் தரச் சொல்லி அவரிடமே கொடுங்கள். சாட்சிக்கு மட்டும் அவரைக் கூப்பிடாதீர்கள், அவர்தான் வாங்குகிறவர்.